வரைபடம் எண் 7, திருத்தம் 4

சென்னையிலிருந்து வந்த படத்தில்
வைகை நீலமாக இருந்தது.
கரையில் இந்தப் பக்கம் எங்கும் முளைக்காத ஒரு மரம்.
பாலத்தின் மேல் காதில் ஒயரோடு ஓடுகிற ஒருவன்,
தள்ளுவண்டியில் குழந்தை, பின்னால் வெள்ளை நாய்.
எல்லாம் மென்பொருள் கொடுத்த உயிர்கள்.
நிழல்கள் ஆளுக்கொரு திசையில் விழுந்திருந்தன.

முதலில் நாயை அழித்தேன்.

ஆற்றங்கரை முகத்துவாரம்.
இங்கே ஆறு என்பது
ஐப்பசி கார்த்திகையில் சில நாள்.
மற்ற நாளில் கடல் உள்ளே நடந்து வந்து
முழங்கால் அளவுக்கு உப்பை நிறுத்திவிட்டுப் போகும்.
"தண்ணி வராத ஆத்துக்கு எதுக்கும்மா பாலம்?"
கேட்டவருக்கு வெள்ள மட்டத்தைக் காட்டினேன்:
அவர் டீக்கடைச் சுவரிலேயே,
கடன் கேட்காதீர் என்ற எழுத்துக்கு
ஒரு சாண் மேலே, பழுப்புக் கோடு.

துளையிட்டுப் பார்த்ததில்
ஆறு மீட்டர் வரைக்கும் மணல்.
அப்புறம் சிப்பித்தூள் கலந்த களி.
பதினான்கில் பாறை.
பாறை என்றும் சொல்ல முடியாது,
என்றோ செத்த பவளம் இறுகிக் கிடக்கிறது.
அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

கச்சான் ஒரு பக்கமும் வாடை மறுபக்கமும்
மாற்றி மாற்றி நக்குகிற கரையில்
துருவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
வடங்கள் வேண்டாம் என்றேன்.
சாய்ந்த கோபுரமும் இரவில் நிறம் மாறும் விளக்கும் வேண்டாம்.
கம்பிக்கு மேல் கான்கிரீட் எழுபத்தைந்து மில்லி.
"பிறகு இதில் நவீனம் எங்கே இருக்கிறது?" என்றார்
செயற்பொறியாளர் திரவியம்.
கம்பிக்கு மேல் கான்கிரீட் எழுபத்தைந்து மில்லி
என்றேன் மறுபடியும்.

மனிதர் நடந்தால் நொடிக்கு இரண்டு அடி,
பாலம் அந்தத் தாளத்துக்கு ஆடக்கூடாது என்கிறது விதிநூல்.
காலை ஐந்தரைக்கு
நிறுத்துகடிகாரத்தோடு நம்புக்கனியின் பின்னால் நடந்தேன்.
தலையில் ஈரப்பாசி மூட்டை, முப்பது கிலோ இருக்கும்,
ஒழுகும் தண்ணீர் பிடரி வழியே ரவிக்கைக்குள் இறங்கியது.
நொடிக்கு இரண்டரை அடி.
சுமை கூடினால் நடை குறையும் என்று நினைத்திருந்தேன்.
நின்றால் இறக்க ஆள் வேண்டும்,
இறக்கினால் ஏற்ற ஆள் வேண்டும்,
அதனால் நிற்பதில்லை.

"அகலம் எவ்வளவு வைக்கட்டும்?"

"அகலம் கெடக்கட்டும்.
நடுவுல எறக்கி வைக்க ஒண்ணு வையி.
குனியக் கூடாது. ஹபுசாவக் கூப்பிடக் கூடாது.
அவ வாயி சும்மா இருக்காது."

டேப்பை நீட்டி அவள் தோளை அளந்தேன்.
கூச்சத்தில் சிரித்தாள், மூட்டை அசையவில்லை.

ஆகவே, பாலத்தின் நடுவில்
கடல் பக்கமாக ஒரு புடைப்பு, நான்கு மீட்டர் நீளம்.
அதில் நிற்கும் கல் இரண்டு, கிடக்கும் கல் ஒன்று.
உயரம் 1350.
விலைப்பட்டியலில் இதற்குப் பெயர் இல்லை.
இருக்கை என்று எழுதினேன்,
உயரம் தவறு என்று திரும்பி வந்தது.
கைப்பிடிச் சுவர், கூடுதல் என்று எழுதினேன்,
எதற்குக் கூடுதல் என்று திரும்பி வந்தது.
மூன்றாம் முறை உள்ளபடி எழுதினேன்:
சுமைதாங்கி, எண்ணிக்கை ஒன்று.

திரவியம் பேனாவை மூடி வைத்தார்.
"வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குத்தானே
அதை நடுவார்கள். இது யாருக்கு?"

அப்படி ஒரு கட்டம் என் படிவத்தில் இல்லை.

மின்விசிறி இரண்டு மூன்று தாளைப் புரட்டியது.
"எங்கள் அக்காவுக்கு ஒன்று இருந்தது,
முதுகுளத்தூர் போகிற வழியில்.
சாலையை அகலப்படுத்தியபோது
இடையூறுகள் பட்டியலில் பதினொன்றாவது.
கையெழுத்து என்னுடையதுதான்."

பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார்.
கிடைக்கல்லின் விளிம்பில் விரலை வைத்து
அந்தக் கோடு முடியும் வரை இழுத்தார்.
"இதை உருட்டிவிடுங்கள்.
சாக்கு கிழியும்."

திருத்தம் 4:
விளிம்பு ஆரம், நாற்பது.